முற்றத்தைச் சுற்றிக் கட்டிய மாட்டுக்கயிறு

போன மாதம் பென்சன் அலுவலாக நான் கடைசியாக வேலை செய்த பொலிஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வந்து சேர்ந்த பொடியன்கள் நாலைந்து பேர் விறாந்தையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பலகாரப் பெட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கமரா, விரலடையாளத் தூள், தூரிகை, அளவு நாடா, தடம் எடுக்கிற சுண்ணச்சாந்து, பளபளவென்று ஒரு சுருள் வெள்ளை நைலோன் கயிறு. குற்றம் நடந்த இடத்தைச் சுற்றிக் கட்டுவதற்கென்றே செய்த கயிறாம். இரண்டு நுனியிலும் கொளுக்கி வேறு.

"சேர், உங்கட காலத்திலை உப்பிடிக் கயிறு தந்தவையோ?" என்று ஒருவன் கேட்டான்.

"தரேல்லைத் தம்பி. நாங்கள் ஒரு மனிசனைக் கட்டி வைச்சிருந்த கயிறை அவிட்டெடுத்துக் கட்டினனாங்கள்" என்றேன்.

கிழவன் பகிடி விடுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. அந்தக் கயிற்றின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் யாரோ முறைப்பாடு கொடுக்க வந்துவிட்டதால் கலைந்துபோனார்கள். அரைகுறையாக விட்ட கதை நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என்னுடைய பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் அணிவகுப்பு, பகலில் சட்டம், பின்னேரம் மறுபடி அணிவகுப்பு. சப்பாத்தில் முகம் தெரிய மினுக்கப் பழகினோம். குற்றம் நடந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்பதை ஒரு மத்தியானம் சோறு தின்ற கையோடு படிப்பித்தார்கள். வகுப்பில் பாதிப்பேர் கதிரையில் இருந்தபடியே நித்திரை. நான் கிளிவெட்டியில் வயலுக்குள் வளர்ந்தவன், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு என்னை எழுப்ப எருமையாலும் ஏலாது. 'ஒன்றையும் தொடாதே' என்ற ஒரு வரி மட்டும்தான் மண்டையில் தங்கியது.

மிச்சத்தையெல்லாம் நான் கற்றது இன்ஸ்பெக்டர் சாலியிடம். திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த மலாய்க்காரர். நெட்டையான, மெலிந்த ஆள். வயதில் என்னைவிட ஐந்தாறுதான் கூட. அவர் தமிழில் கண்டியும் இருக்கும், கொழும்புக் கடைத்தெருவும் இருக்கும். இங்கே வந்த பிறகு எங்களுடைய 'ஓம்', 'ஏலாது' எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் மெல்லக் கதைக்கத் தொடங்கினால் நாங்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்போம்.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் ஜீப்பால் இறங்கியதும் உள்ளே ஓடமாட்டார். வாசலில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். முதலில் நிலத்தைப் பார்ப்பார். பிறகு சுவரை, கூரையை, மரத்தை, வானத்தைப் பார்ப்பார். "ஐயா கும்பிடத் தொடங்கிட்டார், இனித் தீபாராதனை முடிஞ்சாத்தான் உள்ளை போவார்" என்று எங்களில் ஒருவன் முணுமுணுப்பான். அவருக்கும் அது கேட்டிருக்கும். ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

அவர் வந்த புதிதில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை உடைபட்டது. நாங்கள் போனபோது முதலாளி கடையைக் கூட்டித் துடைத்து, சாம்பிராணி போட்டு, எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருந்தார். அதுவும் கள்ளன் கைவைத்த அதே மேசையில்! எனக்கு வந்த ஆத்திரத்தில், "முதலாளி, பொலிசு வரமுந்திக் கடையைக் கூட்டச் சொன்னது ஆர்?" என்று பாய்ந்தேன். மனிதர் திகைத்துப்போனார். "என்ன தம்பி சொல்றீங்க? கூட்டாமக் கடை திறந்தா பரக்கத்து இல்லாமப் போகுமே" என்றார்.

சாலி சேர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, நின்றபடியே குடித்தார். "நல்லாயிருக்கு முதலாளி. இப்ப எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. காலையிலை கதவைத் தள்ளினதிலையிருந்து உங்கட கை என்ன என்ன செய்தது?" என்று கேட்டார். முதலாளி ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டிய குப்பையைத் தண்ணீர் ஓடுகிற கானோரம் கொட்டியதையும் சொன்னார். போய்க் கிளறினோம். முதலாளியின் கடையில் விற்காத ஒரு வகைப் பொத்தான், கொஞ்ச நூலோடு அகப்பட்டது. கள்ளனை அந்தப் பொத்தான்தான் பிடித்துத் தந்தது.

திரும்பி வரும்போது சொன்னார்: "ராசரத்தினம், சனங்கள் தடயத்தை அழிக்கவேணும் எண்டு அழிக்கிறேல்லை. அவையள் தினமும் செய்யிறதைச் செய்யினம். கண் என்ன கண்டது எண்டு பிறகு கேளும். கை என்ன செய்தது எண்டு முதல் கேளும். ஏசினீர் எண்டா அந்தக் கையை அவையள் ஒளிச்சுப்போடுவினம்."

இதை எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு வாசித்ததில்லை. இந்த ஒரு கேள்வி ஒரு மனிதனைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கியதை என் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

குச்சவெளிப் பக்கம், கடலோரம் ஒரு சின்னக் குடியிருப்பு. பெயர் வேண்டாம், குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. கிராமங்களுக்கு அரசாங்கத் தலைமைக்காரராக விதானைமார் இருந்த காலம். அந்த ஊர் விதானையார் முதல் பஸ்ஸில் ஆள் அனுப்பியிருந்தார். 'கணபதிப்பிள்ளை என்பவரை அவருடைய மருமகன் மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டான், ஆளைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறோம், வரவும்.' வழக்கு முடிந்த மாதிரித்தான் செய்தியே வந்தது.

நாங்கள் போகும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வாசல் படலைக்கு வெளியே ஒரு பூவரச மரம். அதில் ஒரு இளம் ஆள் கட்டப்பட்டிருந்தான். அவன்தான் மருமகன் தவராசா. உதடு வெடித்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க இரத்தம். அவன் காலடியில், நிறைமாதமாக, அவன் மனைவி மலர் மண்ணில் இருந்தாள். தகப்பன் உள்ளே செத்துக் கிடக்கிறார், புருஷன் மரத்தில் கட்டுண்டு நிற்கிறான். எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல் அவள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணபதிப்பிள்ளைக்கு அவள் ஒரே பிள்ளை.

விதானையார் எங்களுக்கு முன்னே வந்து முழுக்கதையும் ஒப்புவித்தார். மாமனும் மருமகனும் பக்கத்துப் பக்கத்து வளவு. முதல்நாள் பின்னேரம் வேலிக்கு ஊன்றிய கதியால் தடியைத் தள்ளி நட்டதில் சண்டை. தவராசா ஊர் கேட்கக் கத்தியிருக்கிறான், "இனி வேலியிலை கைவைச்சா மண்டையைப் பிளப்பன்!" என்று. விடியப்புறம் கணபதிப்பிள்ளை கிணற்றடிக்குப் போனவர் திரும்பவில்லை. சத்தம் கேட்டு மனைவி பொன்னம்மா வெளியே வந்தபோது, மருமகன் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். மண்டை பிளந்திருந்தது.

"அவன் என்ன சொல்லுறான்?" என்று சாலி சேர் கேட்டார்.

"மன்னிப்புக் கேக்க வந்தவராம், விழுந்து கிடக்கக் கண்டவராம், தூக்கினவராம். உதென்ன கதை ஐயா? சொன்னபடி செய்துபோட்டான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

உள்ளதைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்தேன். ஜீப்பில் வந்த எல்லோரும் அதைத்தான் நினைத்தோம்.

சாலி சேர் படலையில் நின்று வழக்கம்போலக் கையைப் பின்னால் கோத்தார். நிலம், வேலி, கூரை, மரம், வானம். பிறகு திரும்பிப் பூவரச மரத்தைப் பார்த்தார்.

"விதானையார், இந்தக் கயிறு ஆரின்ரை?"

"கணவதியற்றை மாட்டுக்கயிறு. பொன்னம்மாதான் கொட்டிலுக்கை இருந்து எடுத்துத் தந்தவ."

"நல்ல நீளமாயிருக்கு. எனக்கு இப்ப ஒரு கயிறு வேணும். அவிழுங்கோ."

"ஐயோ ஐயா! ஆள் ஓடிப்போயிடுவான்!"

"ஆள் ஓடினா எங்கட ஆக்கள் பிடிப்பினம். முற்றம் ஓடினா ஆர் பிடிக்கிறது?"

ஊர் முழுக்க வாயைப் பிளந்து பார்க்க, கயிற்றை அவரே அவிழ்த்தார். தவராசாவின் மணிக்கட்டில் கயிறு தோலை உரித்திருந்தது. அவனை ஒரு கொன்ஸ்டபிளோடு ஜீப் நிழலில் இருத்திவிட்டு, முற்றத்தில் நின்ற சனத்தை வந்த வழியாலேயே வெளியே அனுப்பினார். பிறகு மாட்டை மேயக் கட்டுகிற அந்த நீளக் கயிற்றைச் சமைக்கிற குசினியின் கப்புத் தூணிலிருந்து தென்னை மரத்துக்கும், தென்னையிலிருந்து வேலிக்கும் இழுத்துக் கட்டினோம். கணபதிப்பிள்ளையும் கிணற்றடியும் கயிற்றுக்குள்.

அந்த முற்றத்தைச் சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்து வீடுகளின் முற்றம் வெள்ளை மணல். விளக்கு வைக்கமுன் பெண்கள் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவார்கள், வரிவரியாக வளைந்த கோடு விழும். பொன்னம்மாவும் முதல்நாள் சண்டை முடிந்த கையோடு கூட்டியிருந்தார். படலைப் பக்கம் ஊர்ச்சனம் உழக்கிக் குழப்பிவிட்டது. ஆனால் கிணற்றடிப் பக்கம் இரத்தத்துக்குப் பயந்து அதிகம் பேர் போகவில்லை. அங்கே விளக்குமாற்றுக் கோடு அப்படியே கிடந்தது. கோட்டுக்கு மேலே விழுந்தது எல்லாம் கூட்டிய பிறகு விழுந்தது. மணலிலேயே நேரம் எழுதியிருந்தது.

ஊர்ப் பெரியவர்களுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. "பிரேதத்தை வெய்யில்லை போட்டு வைச்சிருக்கிறதோ? உள்ளை எடுக்க விடுங்கோ" என்று சத்தம் போட்டார்கள். நியாயம்தானே. சாலி சேர் அவர்களோடு தர்க்கம் பண்ணவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, பொன்னம்மா இருந்த குசினி வாசலுக்குப் போய் அவர் முன்னால் குந்தினார்.

"அம்மா, இப்ப அவரைத் தூக்கினா அவருக்கு என்ன நடந்தது எண்டு சொல்ல ஆளில்லாமப் போயிடும். வெய்யில் படாம நான் பாத்துக்கொள்ளுறன். எனக்குக் கொஞ்ச நேரம் தருவீங்களோ?"

பொன்னம்மா தலையை நிமிர்த்தினார். "உவனுக்கு என்ரை ஒரே பிள்ளையைக் குடுத்தனான் ஐயா. உவனைத் தூக்கிலை போடுங்கோ. பிறகு எவ்வளவு நேரமெண்டாலும் எடுங்கோ."

சாலி சேர் எழுந்து, ஒரு வள்ளத்துப் பாயை எடுப்பித்து, கால் படாத இடங்களைப் பார்த்துப் பார்த்துத் தடி நட்டு, கணபதிப்பிள்ளைக்கு மேலே நிழல் போட்டார். ஊர் வாய் மூடியது.

பிறகுதான் வேலை. வேலியோரமாக ஒரு ஒடுங்கிய துண்டு நிலத்தை முதலில் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அதன்மேல் தென்னோலைக் கிடுகு பரப்பினோம். இனிப் போவதும் வருவதும் இந்தக் கிடுகின்மேல் மட்டும். நான் நாடாவைப் பிடித்தேன், அவர் படம் கீறினார். வடக்கைக் குறித்து, கிணற்றையும் தென்னையையும் அசையாத புள்ளியாக வைத்து, ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு இடத்திலிருந்து அளவு. 'கிட்டத்தட்ட' என்று நான் சொன்னால் பென்சிலை நிறுத்திவிடுவார். "கிட்டத்தட்டத் தூக்கிலை போட ஏலாது ராசரத்தினம். திரும்ப அளவும்."

இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைந்து போகிற இடைவெளி. தவராசாவின் தடம் அதுக்குள்ளால் வந்தது. இரண்டு மூன்று அடி சாதாரண நடை. பிறகு ஓரிடத்தில் இரண்டு காலும் சேர்ந்து நின்ற தடம். அங்கிருந்து தடங்களுக்கு இடைவெளி கூடி, முன்விரல்கள் ஆழமாகப் பதிந்திருந்தன.

"நடந்து வந்தவன். இதிலை நிண்டவன். பிறகு ஓடினவன்" என்றார். எனக்குள் ஏதோ இளகியது. அவர் உடனே, "உது அவனைக் காப்பாத்தாது. அடிக்கப் போறவனும் ஓடுவான். எழுதும், நம்பாதையும்" என்றார்.

கணபதிப்பிள்ளையின் தலை முதலில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், விளக்குமாற்றுக் கோட்டை முறித்துக்கொண்டு ஒரு பள்ளம். கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கியதுபோல. நான் யாரோ குதிகாலை ஊன்றியது என்றேன். அவர் குந்தி இருந்து நெடுநேரம் பார்த்தார். "குதிகாலுக்கு முன்பாதம் எங்கை?" என்றார். ஒரு மண்சட்டி வாங்கி அதைப் பள்ளத்தின்மேல் கவிழ்த்து மூடிவைத்தார்.

அந்த நேரம் இரண்டு பெண்கள் ஓலைக் கடகத்தோடு வந்து குசினிச் சுவரோரம் குவிந்திருந்த தேங்காய்க் கும்பியில் கைவைத்தார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் சமைத்து வந்த சனத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கம். அதற்குத் தேங்காய். 'வளவுக்குள் இருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது' என்பது சாலி சேரின் கட்டளை. நான் மறித்தேன். "பொலிசுக்கு எங்கட தேங்காயிலையும் கண்ணோ?" என்று ஒருத்தி என்னைக் கிழித்தாள். வெறுங்கடகத்தோடு போனார்கள். எனக்கும் அது கொஞ்சம் அதிகப்படிதான் என்று பட்டது.

வெயில் உச்சிக்கு ஏற முந்தியே எங்கள் பெரிய துரையின் கார் வந்தது. மாவட்டத்துக்கே பெரியவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் யார் மூலமோ செய்தி அனுப்பியிருக்கிறார். இறங்கி வந்த வேகத்தில் இங்கிலீசில் பொரிந்தார்: கொலைகாரன் இருக்கிறான், இரத்தம் இருக்கிறது, மிரட்டினதைக் கேட்ட சாட்சி ஊர் முழுக்க இருக்கிறது, இன்னும் என்ன மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கிறீர்? சொல்லிக்கொண்டே கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டார்.

சாலி சேர் சலூட் அடித்தார். அடித்த கையைக் கீழே இறக்கிக் கயிற்றின்மேல் வைத்தார். மெல்ல, மிக மெல்லச் சொன்னார். தமிழில் சொன்னால் இதுதான்: "சேர், இந்தக் கயிறு எனக்கும் உங்களுக்கும் ஒண்டுதான். கிடுகாலை வாங்கோ, ஒவ்வொண்டாய்க் காட்டுறன்."

அடேயப்பா! பெரிய துரையின் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. அன்றைக்கு அவர் நினைத்திருந்தால் சாலி சேரை எந்தக் காட்டுக்கும் தூக்கி எறிந்திருக்கலாம். தூக்கிய கால் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது, கயிற்றுக்கு வெளியே. அவர் கிடுகு வழியாகத்தான் வந்தார். அந்த மனிதரையும் நான் குறை சொல்லமாட்டேன். காலைப் பின்னால் எடுக்கவும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

அதற்குப் பிறகு சாலி சேர் தன்னுடைய கேள்வியைத் தொடங்கினார். முதலில் ஓடிவந்தவர்களை ஒவ்வொருவராக வேலிக்கு அப்பால் கூப்பிட்டார். "குற்றமெண்டு கேக்கேல்லை. வந்தவுடனை உங்கட கை என்ன செய்தது?" ஒருவர் வாளியை நிமிர்த்தி வைத்தாராம். ஒருவர் நாயைக் கலைத்தாராம். நாலாவதாக வந்தவர் பாக்கியம் அக்கா, பக்கத்து வளவுக்காரி.

"நான் என்ன ஐயா செய்தனான்? குளறினனான். பொன்னம்மாவைப் பிடிச்சனான்."

"அதுக்கு முந்தி?"

"முந்தி ஒண்டுமில்லை... அவற்றை தலைமாட்டிலை ஒரு தேங்காய் கிடந்தது. சனம் ஓடி வருகுது, கால் தடக்கி விழுந்திடுவினம் எண்டு எடுத்துக் கும்பியிலை போட்டனான். விழுந்த தேங்காயை ஆர் ஐயா முற்றத்திலை விடுவினம்?"

சாலி சேர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். கணபதிப்பிள்ளை கிடந்த இடத்துக்கு நேர் மேலே, கிணற்றடித் தென்னையின் வட்டு, காய்க்குலைகளோடு.

விதானையார் பெரிதாகச் சிரித்துவிட்டார். "உதென்ன ஐயா, தேங்காய்க்குக் கண் இருக்கு. ஆளில்லாத இடம் பாத்துத்தான் விழும். எங்கட ஊரிலை ஒரு சீவன் தேங்காய் விழுந்து செத்ததில்லை." சுற்றி நின்ற அத்தனை தலையும் ஆடியது. என்னுடைய தலையும் ஆடியிருக்கும். பால்குடியிலிருந்து கேட்டு வளர்ந்த கதை. அதனால்தான் அன்று காலையிலிருந்து அத்தனை பேர் அந்த மரத்துக்குக் கீழே நின்றும் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"இருக்கட்டும் விதானையார். மூண்டு கண் இருக்கு, நானும் கண்டிருக்கிறன்" என்றார் சாலி சேர். "ஆனா விடியமுந்தி இருட்டு. அதுக்கும் கண் தெரிஞ்சிருக்காது."

தேங்காய்க் கும்பியைக் குழப்ப விடவில்லை. பொன்னம்மாவையும் விதானையாரையும் பெரிய துரையையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மேலே கிடந்ததிலிருந்து ஒவ்வொன்றாக, காம்புப் பக்கம் சீலைத்துண்டால் பிடித்துத் தூக்கி, நாலு பக்கமும் காட்டி, ஒரு பாயில் வரிசையாக வைத்தார். ஒன்று. இல்லை. இன்னொன்று. இல்லை. மூன்றாவது காயைத் திருப்பியவர் நிறுத்தினார். ஒரு பக்கத்து நாரில் கறுத்த ஈரம். அதில் மணல். மணலுக்குள் இரண்டு மூன்று நரைமயிர்.

பொன்னம்மா ஒரு சத்தம் போட்டார். அதை எழுத எனக்கு ஏலாது.

அந்த இரண்டு பெண்களும் கடகத்தில் அள்ளிக்கொண்டு போயிருந்தால்? உரித்து, உடைத்து, பொச்சுமட்டை அடுப்புக்குள் போயிருக்கும்.

காயை அந்தப் பள்ளத்துக்குள் வைத்துப் பார்ப்போம் என்று நான் அவசரப்பட்டேன். "வைக்காதையும்! வைச்சா, நாங்கள் செய்த பள்ளம் எண்டுவினம்" என்றார். சட்டியை நீக்கி, சுண்ணச்சாந்து கரைத்து ஊற்றி, இறுகவிட்டு, அச்சை எடுத்து வெளியே வைத்துத்தான் காயோடு ஒப்பிட்டார். அளவு ஒத்துப்போனது. பிறகு ஒருவரை மரத்தில் ஏற்றினோம். மேலே இருந்து அவர் கத்தினார்: "முத்தின குலை ஐயா! ஒரு காய் புதுசாக் கழண்டிருக்கு, காம்பு இன்னும் பச்சை!"

பின்னேரம் டொக்டரும் மரண விசாரணை அதிகாரியும் வந்தார்கள். டொக்டர் காயத்தைப் பார்த்தார், காயைப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார். முடிவை அங்கே சொல்லவில்லை. பிரேதத்தைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய் வெட்டிப் பார்த்து, அடுத்தநாள் காலை சொன்னார்: உச்சந்தலையில் நேர் மேலே இருந்து விழுந்த ஒரே அடி, எதிரே நிற்கிற மனிதன் அப்படி அடிக்க வழியில்லை, உடம்பில் வேறு காயம் இல்லை. தீர்ப்பு, விபத்தால் வந்த சாவு. பெரிய துரை சாலி சேரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாலி சேர், "ராசரத்தினம் நல்லா அளந்தவர் சேர்" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். வேறு எந்தப் பதக்கமும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

எங்கள் வேலை அதோடு முடிந்தது. ஆனால் சாலி சேர் அன்று பின்னேரம் மறுபடி ஜீப்பை எடுக்கச் சொன்னார். இரவு எங்கள் நிலையத்தில் வைத்திருந்த தவராசாவை முன் ஆசனத்தில், தனக்குப் பக்கத்தில் இருத்தினார். பின்னால் இருத்தினால் ஊர் அவனைக் கைதி என்று பார்க்குமாம்.

பிரேதம் எங்களுக்கு முந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பறை அடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பைக் கண்டதும் நின்றது. தவராசா இறங்கிப் படலைக்கு வெளியே, அந்தப் பூவரச மரத்தடியிலேயே நின்றுகொண்டான். உள்ளே போகக் கால் வரவில்லை. மலர் ஓடி வரப் பார்த்தாள், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். விதானையார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாலி சேர் ஜீப்புக்குள் இருந்து மாட்டுக்கயிற்றை எடுத்தார். முதல்நாளே சுருட்டி, கட்டி வைத்திருந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு பொன்னம்மாவிடம் போய், இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மா, உங்கட கயிறு."

பொன்னம்மா வாங்கினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்து நழுவ விட்டுவிட்டு, தலைவிரி கோலமாக முற்றத்தைக் கடந்து படலைக்கு வெளியே நடந்தார். தவராசா பயந்து ஓரடி பின்னால் போனான். அவர் அவன் இரண்டு கையையும் பிடித்து, கயிறு தோலுரித்த மணிக்கட்டைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தார். அங்கே துடைக்க ஒன்றும் இருக்கவில்லை, காயம் காய்ந்துபோயிருந்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மருமோன்" என்றார், "உள்ளுக்கை வாங்கோ. மாமாவுக்குக் கொள்ளி வைக்க உங்களை விட்டா ஆர் இருக்கினம்?"